பரங்கிக்காய் நல்லதுதான், சேர்க்கைதான் சரியில்லை

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வந்து பதினொரு வருடமாகக் கனடாவின் மிசிசாகாவில் இருக்கிறோம். செப்டம்பர் கடைசியில் பிள்ளைகளைப் பண்ணைக்கு அழைத்துப்போய், வண்டி நிறைய பரங்கிக்காய் வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குப் பம்ப்கின் பை, வாரம் ஒரு பம்ப்கின் லோஃப் (பரங்கி விழுது போட்டுச் சுடும் கேக் மாதிரி ரொட்டி) என்று நவம்பர் வரை எங்கள் ஓவனுக்கு ஓய்வே இல்லை. இந்த வருடம் என் கணவருக்கு ஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.2 என்று வந்திருக்கிறது. இனிப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, “அரசாணிக்காயே சர்க்கரைதான், சுகர் இருக்கிறவன் அதைத் தொடவே கூடாது” என்கிறார்கள். பிள்ளைகளோ (வயது 12, 9) லோஃபை விடுவதாக இல்லை. சர்க்கரைக்குப் பதில் மேப்பிள் சிரப்போ நாட்டுச்சர்க்கரையோ போட்டால் சரியாகுமா? டின்னில் வரும் விழுது நல்லதா, பரங்கிப்பழமா? ஹாலோவீனுக்குச் செதுக்கிய காயைப் பிறகு சமைக்கலாமா? அத்தை முட்டை சாப்பிடமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
– மிசிசாகா வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அத்தையின் தீர்ப்பிலிருந்தே தொடங்குகிறேன். அது அப்படியே நின்றால் நான் சொல்லும் மற்ற எதுவும் உங்கள் வீட்டில் எடுபடாது. கொங்குப் பக்கம் அரசாணிக்காய் என்று சொல்வதை எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கிக்காய் என்போம். வேறு சில ஊர்களில் அதற்குச் சர்க்கரைப் பூசணி என்றே பெயர். பாதிப் பழி அந்தப் பெயரால் வந்தது என்று நினைக்கிறேன். நாக்கில் இனிப்பதெல்லாம் ரத்தத்தில் அதே அளவு ஏறுவதில்லை.

வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு கப்பில் சுமார் 50 கலோரி, 12 கிராம் மாவுச்சத்து. டின்னில் வரும் விழுது நீர் குறைந்து கெட்டியாக இருப்பதால் கொஞ்சம் கூடும்: ஒரு கப்புக்கு 83 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து, அதில் 7 கிராம் நார்ச்சத்து. இதையே சாதத்தோடு வைத்துப் பாருங்கள். வடித்த சாதம் ஒரு கப்பில் 45 கிராம் மாவுச்சத்து, நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது. உங்கள் கணவர் தட்டில் ஒரு கரண்டிச் சாதம் குறைந்து அந்த இடத்தில் இரண்டு கரண்டி அரசாணிக்காய்ப் பொரியல் வந்தால், டாக்டர் சொன்னதைத்தான் செய்கிறார்.

ஒரு உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் குறியீட்டுப் பட்டியல் பார்த்தவர்கள், “பரங்கிக்காய்க்கு 75 போட்டிருக்கிறதே” என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறியீட்டை வழக்கமாக எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? 50 கிராம் மாவுச்சத்து உடம்புக்குள் போகிற அளவுக்கு அந்த உணவைச் சாப்பிடுவதாக வைத்துத்தான். பரங்கிக்காயில் அத்தனை மாவுச்சத்து கிடைக்க ஒரு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். கல்யாணப் பந்தியில்கூட யாரும் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நாம் சாப்பிடும் ஒரு கிண்ணத்தில் ஏறும் சர்க்கரை சொற்பம்.

அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டீனை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. டின் விழுது அரை கப்பே ஒரு நாள் தேவைக்கு மேல் தந்துவிடும். அது கொழுப்பில் கரைகிற சத்து என்பதால், எண்ணெயே இல்லாமல் அவித்துச் சாப்பிடுவதைவிட ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்ததுதான் மேல். பொட்டாசியமும் நிறைய இருக்கிறது. அதனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் கணவருக்கு அந்தப் பிரச்சினை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

ஏ1சி 6.2 என்பது கனடாவின் கணக்கில் 6.0 முதல் 6.4 வரையிலான, சர்க்கரை நோயின் வாசற்படி. நோய் இன்னும் உள்ளே வரவில்லை, செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டத்தில் உங்கள் வீட்டில் கணக்குக் கேட்க வேண்டியது லோஃபிடம். பரங்கிக்காயின் மேல் குற்றமில்லை. நம் ஊரில் நல்ல பிள்ளை கெட்டால் ‘சேர்க்கை சரியில்லை’ என்று சொல்வோமே, இங்கே நடப்பது அதுதான்.

வட அமெரிக்க வீடுகளில் பரம்பரையாகச் சுற்றிவரும் பம்ப்கின் பிரெட் குறிப்பு ஒன்று உண்டு. நீங்கள் செய்வதும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும். ஒரு டின் பரங்கி விழுது, நான்கு முட்டை, ஒரு கப் எண்ணெய், மூன்றரை கப் மைதா, கூடவே மூன்று கப் சர்க்கரை. மூன்று கப் என்றால் 600 கிராம். இரண்டு லோஃப் வரும், இருபத்துநான்கு துண்டு போடலாம். ஒரு துண்டுக்கு 25 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம், ஒரு நாளில் சேர்க்கும் சர்க்கரை மொத்த கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று 2015இல் சொன்னது. அந்த ஐந்து சதவீதம் பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம். ஆக, உங்கள் கணவர் ஒரு துண்டு சாப்பிட்டுக் கையைத் தட்டும்போது அன்றைய கோட்டா முடிந்துவிட்டது. உங்கள் ஒன்பது வயதுக் குழந்தைக்கு அதைத் தாண்டியே போய்விட்டது.

மேப்பிள் சிரப் கேட்டிருந்தீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் மேப்பிள் சிரப்பில் சுமார் 52 கலோரி, ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரையில் 49. இரண்டிலும் சர்க்கரை 12 கிராமுக்கு மேல். நாட்டுச்சர்க்கரையும் தேனும் கருப்பட்டியும் இதே குடும்பம்தான். வாசனைக்காகப் போடுங்கள், எனக்கும் கருப்பட்டி வாசனை பிடிக்கும். ஆனால் அதே அளவு போட்டுவிட்டு ‘ஹெல்தி’ என்று பெயர் வைத்தால் குளுக்கோமீட்டர் ஒப்புக்கொள்ளாது. பேரீச்சம்பழத்தை முழுசாக அரைத்துச் சேர்ப்பதில் நார்ச்சத்தாவது மிஞ்சும், ஆனால் அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஆகவே மாற்றுவதைவிடக் குறைப்பதில்தான் பலன்.

குறைத்தால் ருசிக்குமா என்பது அடுத்த கேள்வியாக வரும். பரங்கி லோஃபில் சர்க்கரையைச் சரிபாதியாக வெட்டலாம், ஒன்றும் ஆகாது. ஸ்பாஞ்ச் கேக்கில் இப்படித் துணிய முடியாது. சர்க்கரைக்கு அங்கே இனிப்பைத் தாண்டியும் வேலை இருக்கிறது: ஈரத்தைப் பிடித்துவைப்பது, மெத்தென்று ஆக்குவது, மேல்பக்கத்தைச் சிவக்கவைப்பது. பரங்கி லோஃபில் ஈரத்தைக் காய் பார்த்துக்கொள்கிறது, நிறமும் அதுவே கொடுத்துவிடுகிறது.

நான் செய்யும் அளவு இது. ஒரு லோஃபுக்கு ஒரு கப் பரங்கி விழுது, முக்கால் கப் பழுப்புச் சர்க்கரை (லேசாக அழுத்தி அளந்தது, சுமார் 150 கிராம்), கால் கப் எண்ணெய், கால் கப் கெட்டித் தயிர், இரண்டு முட்டை, மூன்றில் ஒரு கப் பால். இதையெல்லாம் ஒரு பாத்திரத்தில் கலக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்றில் ஒரு கப் சப்பாத்தி மாவு, முக்கால் கப் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் சோடா, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் பட்டைத்தூள், அரை டீஸ்பூன் சுக்குத்தூள், ஜாதிக்காயும் கிராம்பும் தலா கால் டீஸ்பூன். ஈரத்தில் மாவைக் கொட்டி, வெள்ளை மறையும் வரை மட்டும் கிளறுங்கள். தோசை மாவு மாதிரி அடித்துக் கலக்கினால் லோஃப் இறுகிவிடும். கலந்த பிறகு பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். நம் சப்பாத்தி மாவு மைதாவைவிட அதிக நீர் குடிக்கும், அதற்கு அவகாசம் தராவிட்டால் நறநறவென்று இருக்கும். மேலே இரண்டு ஸ்பூன் பரங்கி விதை தூவி, 350 டிகிரியில் (நான் சொல்வதெல்லாம் ஃபாரன்ஹீட்) 50 முதல் 60 நிமிடம். குச்சி விட்டால் ஒட்டாமல் வரவேண்டும்.

அத்தைக்காக முட்டை வேண்டாமென்றால் இரண்டு முட்டைக்கும் சேர்த்து அரை கப் தயிர் கூடுதலாக விட்டு, சோடாவைக் கால் டீஸ்பூன் ஏற்றுங்கள். பரங்கி விழுதே பிடித்துவைக்கும் தன்மை உடையது என்பதால் உதிராது. கொஞ்சம் அடர்த்தியாக வரும், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய குறிப்பில் ஒரு துண்டு 260 கலோரி, 41 கிராம் மாவுச்சத்து. இதில் 180ஐ ஒட்டிய கலோரி, 28 கிராம் மாவுச்சத்து, சேர்த்த சர்க்கரை 12 கிராமுக்குச் சற்று மேல். 28 கிராம் என்பது அரை கப் சாதத்துக்கும் கொஞ்சம் கூட. அதனால் ‘இப்போது சத்தானதாகிவிட்டது’ என்று மூன்று துண்டு சாப்பிட வழியில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எண்ணெயை ஏன் மொத்தமாக எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எடுத்துப் பார்த்தவள்தான் சொல்கிறேன். இந்த உணவு ஆலோசனைத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல், எல்லாம் பரங்கி விழுதாலேயே என்று ஒரு லோஃப் செய்து கூட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அறுத்தால் கத்தியோடு கூடவே வந்தது, கடித்தால் பழைய செருப்பின் மிதியடி. நல்ல மனசுக்காரர்கள், சாப்பிட்டார்கள். கொழுப்புதான் மாவின் பசைத்தன்மையை முறித்து மிருதுவாக்குகிறது. பாதி எண்ணெய்க்குப் பதில் விழுதோ தயிரோ போடலாம், அதற்குக் கீழே போனால் உணவு என்ற நிலையைத் தாண்டிவிடும்.

சர்க்கரை குறைந்த வித்தியாசம் தெரியாமலிருக்க இரண்டு சின்ன வழிகள். ஒன்று, உப்பை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, பட்டையையும் வெனிலாவையும் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, ஒரு ஆரஞ்சின் தோலைத் துருவிச் சேருங்கள். வாசனை தூக்கலாக இருந்தால் நாக்கு இனிப்பையும் கூட்டிக் கணக்கிட்டுக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பாதியாக்காமல் வாரத்துக்குக் கால் கப்பாக இறக்கிக்கொண்டு வாருங்கள், கண்டுபிடிக்கமாட்டார்கள்.

பட்டை என்றதும் ஒரு எச்சரிக்கை. சர்க்கரை குறையும் என்று தினமும் வெறும் வயிற்றில் பட்டைத்தூள் சாப்பிடும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் காசியா பட்டையில் கூமரின் என்ற பொருள் உண்டு, அளவு மீறித் தினமும் போனால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கலாம். லோஃபில் போடுகிற அளவுக்குப் பயமே வேண்டாம். தினமும் சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு, டொரொன்டோவின் ஈழத்தமிழர் கடைகளில் கறுவா என்று கேட்டு வாங்குங்கள். அந்த இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு.

டின்னா பழமா என்பதற்கு என் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: பேக் செய்ய டின்தான் நல்லது. அமெரிக்காவில் டின்னுக்குப் போகும் பரங்கியில் பெரும்பங்கு இலினாய் மாநிலத்தில் விளைகிறது. லிப்பீஸ் நிறுவனத்தார் மார்ட்டன் என்ற ஊரைச் சுற்றி டிக்கின்சன் என்ற வகையைப் பயிரிடுகிறார்கள். அதற்கு வெளித்தோல் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்காது, மங்கிய சந்தன நிறம். நம் ஊர்ப் பரங்கியும், கடையில் கிடைக்கும் பட்டர்நட்டும், இந்த டிக்கின்சனும் தாவரவியல்படி ஒரே இனம். நீங்கள் பண்ணையில் வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெரிய ஆரஞ்சுக் காய் வேறு இனம். அதை விளக்குக்காகவே வளர்க்கிறார்கள். நாரும் தண்ணீரும்தான் அதில் அதிகம். நான் கனடா வந்த முதல் வருடம் அதில் ஒன்றை வாங்கிப் பால் கூட்டு வைத்தேன். பால் தனி, தண்ணீர் தனி, நார் தனி என்று மூன்றும் மூன்று திசையில் நின்றன.

டின் வாங்கும்போது மட்டும் லேபிளை இரண்டு முறை படியுங்கள். ‘ப்யூர் பம்ப்கின்’ என்றால் உள்ளே காய் மட்டும். பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே நிறத்தில், ‘பம்ப்கின் பை ஃபில்லிங்’ என்று ஒன்று இருக்கும். அதில் சர்க்கரையும் மசாலாவும் சேர்த்தே வரும். ஒரு கப்புக்கு 280 கலோரியை ஒட்டி, வெறும் விழுதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அவசரத்தில் ஒருமுறை அதை எடுத்து வந்து தேங்காய் அரைத்துவிட்டுக் கூட்டு செய்துவிட்டேன். ஒரு வாய் வைத்த என் கணவர், “இன்றைக்கு என்ன விசேஷம், பாயசம் முதலில் வருகிறது?” என்றார்.

பழமாகவே வேண்டும் என்றால் பட்டர்நட், கபோச்சா என்ற ஜப்பானியப் பரங்கி, அல்லது ‘பை பம்ப்கின்’ என்று எழுதிவைத்திருக்கும் சின்னக் காய்களை வாங்குங்கள். பாதியாகப் பிளந்து, விதையை எடுத்துவிட்டு, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து 400 டிகிரியில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் சுடுங்கள். கரண்டியால் சுரண்டினாலே சதை வந்துவிடும், தோல் சீவும் போராட்டம் கிடையாது. மசித்து, மெல்லிய துணியில் அரை மணி நேரம் வடியவிட்டால் டின் விழுதின் பதம் வரும். வடிந்த நீரைக் கொட்டாமல் அன்றைய ரசத்திலோ சப்பாத்தி மாவிலோ விடுங்கள். கபோச்சாவின் தோல் வெந்ததும் மிருதுவாகிவிடும், அப்படியே சாப்பிடலாம்.

செதுக்கிய காயைச் சமைக்க வேண்டாம். வெட்டிய காய், உள்ளே மெழுகுவர்த்திச் சூட்டோடு, வெளியே அணில் நக்க நாலு நாள் உட்கார்ந்திருக்கிறது. கெடாமலிருக்க சிலர் ப்ளீச் வேறு தடவுகிறார்கள். அது உரக்குழிக்குப் போகட்டும். செதுக்கும் அன்றே தோண்டி எடுக்கும் விதை மட்டும் உங்களுக்கு. அப்புறம், அலங்காரத்துக்கென்று விற்கும் கோணல்மாணலான சின்னக் குடுக்கைகளைக் கறி சமைக்கவே கூடாது. அவற்றில் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு இருக்கும். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிர்போன சம்பவங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே பொருள்தான். எந்தப் பரங்கியானாலும் வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டு மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

விதையைக் கழுவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, துடைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய், மிளகாய்த்தூள், கறிவேப்பிலை புரட்டி 325 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம். ஓடு நீக்கிய விதையில் ஒரு சிறு கைப்பிடி, அதாவது 28 கிராம், 8 கிராம் புரதம் தரும். மக்னீசியமும் நிறைய. கலோரி 150க்கு மேல் இருப்பதால் டிவி முன்னால் டப்பாவோடு உட்காராதீர்கள்.

பை விஷயத்தில் ஒரு ஆச்சரியம். டின்னின் முதுகில் போட்டிருக்கும் சாதாரண பம்ப்கின் பையில் எட்டுத் துண்டுக்கும் சேர்த்து முக்கால் கப் சர்க்கரைதான், துண்டுக்கு 19 கிராம். லோஃபைவிடக் குறைவு. அங்கே கனம் சேர்ப்பது வெண்ணெயும் மைதாவுமான அடித்தட்டு. அதை விட்டுவிட்டு, கலவையைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, வெந்நீர்த் தட்டில் நிறுத்தி, 350 டிகிரியில் நடுப்பாகம் லேசாக ஆடும் வரை வேகவிடுங்கள். சர்க்கரையை அரை கப்பாக்கிக்கொள்ளுங்கள். கண்டென்ஸ்டு மில்க் வேண்டாம், அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. சர்க்கரை சேர்க்காத எவாப்பரேட்டட் மில்க் போதும். அத்தைக்கு முட்டைக்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் சோளமாவைப் பாலில் கரைத்து, அடுப்பிலேயே கிளறிக் கெட்டியாக்கிக் குளிரவைத்துக் கொடுத்துவிடலாம். மேலே விப்பிங் கிரீமுக்குப் பதில் கட்டித் தயிர். தேங்க்ஸ்கிவிங் அன்று ஒருநாள் முழுப் பையையே செய்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். அக்டோபரின் இரண்டாவது திங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், வாரா வாரம் வருவது லோஃப்.

காப்பிக்கடை விவகாரத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்பக்ஸ் 2003இல் பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டேயைக் கொண்டுவந்தபோது அதில் பரங்கிக்காயே கிடையாது, வெறும் மசாலா வாசனைதான். 2015இல்தான் கொஞ்சம் விழுது சேர்த்தார்கள். நடுத்தரக் கோப்பை ஒன்று, கிரீமோடு, 390 கலோரியை ஒட்டி வரும். பாலின் சொந்தச் சர்க்கரையும் சேர்த்து 50 கிராம். வீட்டில் டிகாக்‌ஷன், பால், ஒரு ஸ்பூன் விழுது, ஒரு சிட்டிகை சுக்கும் பட்டையும், ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினால் முடிந்தது. எனக்கு என்னவோ காப்பி காப்பியாக இருந்தால்தான் பிடிக்கும்.

இத்தனை ஓவன் பேச்சுக்கு நடுவே, காரமாகச் சமைப்பதை நீங்கள் கேட்கவே இல்லை. அதில் அத்தை உங்களுக்கே பாடம் எடுப்பார்கள். பரங்கி அமெரிக்கக் கண்டத்துக் காய். மெக்சிகோவின் வஹாக்கா பகுதியில் பத்தாயிரம் வருடங்களுக்கு முன்பே இந்தக் குடும்பத்தைப் பயிராக்கியிருக்கிறார்கள். நமக்கு அது வெள்ளைக்காரர் வந்த பிறகுதான் வந்தது, பரங்கி என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. நீங்கள் இப்போது இருக்கும் ஒன்டாரியோப் பகுதியின் பூர்வகுடிகளான ஹோடினோஷோனி மக்கள் சோளம், பீன்ஸ், பரங்கி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டு ‘மூன்று சகோதரிகள்’ என்று அழைப்பார்கள். பீன்ஸின் புரதமும் பரங்கியின் நாரும் ஒன்றாக வயிற்றுக்குப் போனால் பசி தாங்கும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். நம் வீட்டில் காராமணியும் பரங்கியும், மொச்சையும் பரங்கியும் சேர்வதும் அதே ஜோடிதான். யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்ததாகத் தெரியவில்லை.

அதனால் வாரத்தில் இரண்டு நாள் காராமணி போட்ட பரங்கிக் குழம்போ பொரியலோ வையுங்கள். சூப் என்றால் கிரீம் இல்லாமல், அரை கப் மைசூர்ப் பருப்பை வேகவைத்து, சுட்ட பரங்கியோடு இஞ்சி, மிளகு சேர்த்து அரைத்துவிடுங்கள். பருப்பே கெட்டிப்படுத்தும், புரதமும் வரும். இரண்டு கப் சப்பாத்தி மாவுக்கு முக்கால் கப் விழுது, கொஞ்சம் ஓமம், மிளகாய்த்தூள் சேர்த்துத் தண்ணீரே இல்லாமல் பிசைந்தால் பிள்ளைகளின் டிபன் டப்பாவுக்கு மஞ்சள் சப்பாத்தி. அடை மாவில் துருவிப் போட்டால் அத்தையே இரண்டு கூடக் கேட்பார்கள்.

மீந்த விழுதை ஒரு கப் ஒரு கப்பாக ஜிப் பையில் தட்டையாக அடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். பக்கத்து வீட்டார் ஜாடியில் அடைத்துப் பரணில் வைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். பரங்கியில் புளிப்பு குறைவு, விழுது கெட்டி என்பதால் நடுப்பாகம் வரை சூடு சரியாக ஏறாது, உள்ளே கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமி வளர்ந்துவிடலாம். வீட்டில் விழுதை ஜாடியில் அடைக்கவே வேண்டாம் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையே சொல்கிறது.

கடைசியாக உங்கள் கணவருக்கு. லோஃப் துண்டை மாலையில் வெறும் வயிற்றில் டீயோடு சாப்பிட வேண்டாம். மதியச் சாப்பாட்டில் சாதத்தை அரை கப் குறைத்துக்கொண்டு, காயும் பருப்பும் சாப்பிட்ட பிறகு ஒரு துண்டு. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பாடு தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். லோஃப் சாப்பிட்ட நாள் இரண்டு, அரசாணிக்காய்ப் பொரியல் சாப்பிட்ட நாள் இரண்டு. அந்த நான்கு எண்ணையும் முதலில் அத்தையிடம் காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள். லோஃபில் இன்னும் எவ்வளவு சர்க்கரையைக் கழற்றலாம் என்று அப்போது பார்ப்போம்.